ஒரே சர்வர்... இரண்டு டொமைன்... 'இன்ஃபோ'வுக்கு வரும் மெயில் யாருக்குப் போகும்? இமெயில் அலியாஸ் செட் செய்வது எப்படி? முழு விளக்கம்

ஒரு குடும்பத்துக்கு ஜவுளிக்கடை ஒன்றும், லாட்ஜ் ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் தனித்தனி வெப்சைட், தனித்தனி டொமைன். மெயிலுக்கு மட்டும் ஒரே சர்வர். கடை வெப்சைட்டிலும் 'இன்ஃபோ' என்று தொடங்கும் முகவரி, லாட்ஜ் வெப்சைட்டிலும் 'இன்ஃபோ' என்று தொடங்கும் முகவரி.

கல்யாணத்துக்கு 40 பட்டுப்புடவை வேண்டும் என்று ஒருவர் கடைக்கு மெயில் அனுப்புகிறார். அது லாட்ஜ் மேனேஜரின் இன்பாக்ஸில் போய் விழுகிறது. 'நமக்கும் புடவைக்கும் என்ன சம்பந்தம்?' என்று அவர் டெலிட் செய்துவிடுகிறார். ஆர்டர் போச்சு!

இதில் சர்வர் பழுதாகவில்லை. மெயிலும் தொலையவில்லை. எந்த எர்ரரும் வராது. அனுப்பியவருக்கு மெயில் போய்ச் சேர்ந்ததாகவே தெரியும். அதனால்தான் இந்தச் சிக்கலைக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆகிவிடுகிறது. இது ஏன் நடக்கிறது? டொமைன் வாரியாக அலியாஸ் வைப்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

(படிக்க வசதியாக முகவரிகளும் செட்டிங் பெயர்களும் இங்கே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. சர்வரில் ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.)

அலியாஸ்னா என்ன?

சிம்பிளாகச் சொன்னால், அலியாஸ் என்பது மாற்றுப்பெயர். அதற்கென்று தனி இன்பாக்ஸ் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, லாகின் கிடையாது. 'இந்தப் பெயருக்கு மெயில் வந்தால், அந்த ஆளிடம் கொடு' என்று சர்வருக்குச் சொல்லி வைக்கும் ஒரு வரி, அவ்வளவுதான்.

வீட்டில் ஒருவரை அம்மா ஒரு பெயரிலும், ஸ்கூலில் வேறு பெயரிலும் கூப்பிடுவார்கள் இல்லையா? எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பது ஒரே ஆள்தான். அதுபோல சேல்ஸ், சப்போர்ட், இன்ஃபோ என்று மூன்று முகவரிகள் வெளியில் இருந்தாலும், மூன்றும் ஒரே இன்பாக்ஸுக்கு வந்து சேரும்படி வைக்கலாம். ஒரே முகவரிக்கு வரும் மெயிலை நான்கு பேருக்கு அனுப்பும்படியும் வைக்கலாம்.

இதில் பெரிய லாபம் என்னவென்றால், வெளியில் தெரிவது பதவியின் பெயர், ஆளின் பெயர் அல்ல. ஆள் மாறினாலும் விசிட்டிங் கார்டு, போர்டு, பில் புக் எதையும் மாற்ற வேண்டாம். சர்வரில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

அப்போ பிரச்சினை எங்கே ஆரம்பிக்கிறது?

இதற்கு கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். நெட்வொர்க் வழியாக மெயில் அனுப்பும்போது @ குறியைப் பயன்படுத்தும் வழக்கத்தை 1971-ல் தொடங்கி வைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன். @-க்கு முன்னால் ஆளின் பெயர், பின்னால் அவர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரின் பெயர். அன்றைக்கு நிலைமை அப்படித்தான்: ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஒரு பெயர், அதில் கணக்கு வைத்திருக்கும் சில பேர்.

யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் 'அலியாஸஸ்' என்ற ஃபைல் பிரபலமானதும் அந்த மாதிரியான சூழலில்தான். அந்த ஃபைலில் @ குறிக்கு முன்னால் உள்ள பெயர் மட்டும்தான் எழுதப்படும். 'இன்ஃபோ என்றால் குமாரிடம் கொடு' என்று இருக்கும். எந்த டொமைனின் இன்ஃபோ என்று சொல்ல அதில் இடமே இல்லை.

இன்று ஒரே சர்வரில் பத்து டொமைன், ஐம்பது டொமைன் ஓடுகிறது. ஆனால் அந்தப் பழைய ஃபைல் இன்னமும் லினக்ஸ் சர்வர்களில் அப்படியே இருக்கிறது. டொமைன்களை எல்லாம் 'இது என் சொந்தப் பெயர்' என்று சர்வரிடம் அறிவித்துவிட்டு, அந்த ஃபைலில் ஒரு 'இன்ஃபோ' வரி போட்டால் என்ன ஆகும்? கடையின் இன்ஃபோவும், லாட்ஜின் இன்ஃபோவும் சர்வரின் கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டும் ஒரே ஆளுக்குப் போகும்.

ஆக, @-க்கு முன்னால் இருக்கும் பெயர் தனியாக நின்றால் அர்த்தம் இல்லை. முழு முகவரியையும் சேர்த்துப் பார்க்கும்படி சர்வருக்குச் சொல்ல வேண்டும். டொமைன் வாரி அலியாஸ் என்பது இதுதான்.

டொமைன் வாரியாகப் பிரிப்பது எப்படி?

சொந்தமாக மெயில் சர்வர் நடத்துபவர்கள் அதிகம் பயன்படுத்தும் மென்பொருள்களில் ஒன்று போஸ்ட்ஃபிக்ஸ். ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வீட்சா வெனமா உருவாக்கி, 1998-ல் வெளியான இலவச மென்பொருள் இது. இதில் டொமைன் வாரியாக அலியாஸ் வைப்பது ஐந்தே படிகள்.

படி 1 – எம்எக்ஸ் ரெக்கார்டு: இந்த டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று உலகத்துக்கு அறிவிப்பதுதான் எம்எக்ஸ் ரெக்கார்டு. இரண்டு டொமைன்களின் டிஎன்எஸ் செட்டிங்கிலும் இது உங்கள் சர்வரைக் காட்ட வேண்டும்.

படி 2 – டொமைன்களை அறிவிப்பது: போஸ்ட்ஃபிக்ஸின் 'மெயின்.சிஎஃப்' ஃபைலில் 'விர்ச்சுவல் அலியாஸ் டொமைன்ஸ்' என்ற வரியில் இரண்டு டொமைன்களையும் எழுத வேண்டும். முக்கியமான எச்சரிக்கை: அதே ஃபைலில் 'மை டெஸ்டினேஷன்' என்று இன்னொரு வரி இருக்கும். அதுதான் 'இது என் சொந்தப் பெயர்' என்று சொல்லும் வரி. இந்த டொமைன்கள் அந்த வரியில் இருக்கவே கூடாது. ஒரே டொமைன் இரண்டு இடத்திலும் இருந்தால், 'இரண்டிலும் எழுதாதே' என்று போஸ்ட்ஃபிக்ஸே லாகில் எச்சரிக்கும். பலரும் சறுக்கும் இடம் இதுதான்.

படி 3 – அட்டவணை எழுதுவது: 'விர்ச்சுவல்' என்ற பெயரில் ஒரு ஃபைல். 'விர்ச்சுவல் அலியாஸ் மேப்ஸ்' என்ற வரியில் இந்த ஃபைல் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். ஃபைலுக்குள் இடதுபக்கம் வெளியில் தெரியும் முழு முகவரி, கொஞ்சம் இடைவெளி விட்டு வலதுபக்கம் மெயில் போய்ச் சேர வேண்டிய முகவரி. இப்படி:

இன்ஃபோ@துணிக்கடை → குமார்@அலுவலகம்
இன்ஃபோ@லாட்ஜ் → மேனேஜர்@அலுவலகம்
சேல்ஸ்@துணிக்கடை → குமார்@அலுவலகம், செல்வி@அலுவலகம்

(அம்புக்குறி புரிதலுக்காகத்தான். ஃபைலில் வெறும் இடைவெளி போதும். இரண்டு பேருக்குப் போக வேண்டும் என்றால் கமா போட்டுக்கொள்ளலாம்.)

படி 4 – சர்வருக்குப் புரியவைப்பது: ஃபைலை எழுதி சேவ் செய்தால் மட்டும் போதாது. 'போஸ்ட்மேப்' என்ற கட்டளையை ஓட்டினால்தான் சர்வர் வேகமாகத் தேடும் வடிவத்துக்கு அது மாறும். 'மெயின்.சிஎஃப்' மாறியிருந்தால் போஸ்ட்ஃபிக்ஸை 'ரீலோட்' செய்ய வேண்டும். 'நான் மாத்திட்டேன், ஆனா பழைய ஆளுக்கே மெயில் போகுது' என்று புலம்புபவர்களில் பலர் தவறவிடுவது இந்த ஒரு கட்டளையைத்தான்.

படி 5 – சோதிப்பது: அதே 'போஸ்ட்மேப்' கட்டளையில் கேள்வி கேட்கும் வசதியும் இருக்கிறது. ஒரு முகவரியைக் கொடுத்தால், அது எங்கே போகும் என்று பதில் வரும். அதன்பிறகு வெளியில் உள்ள ஒரு மெயில் கணக்கிலிருந்து ஒவ்வொரு டொமைனுக்கும் டெஸ்ட் மெயில் அனுப்பிப் பார்க்க வேண்டும். சர்வர் லாகில் 'ஒரிஜ் டூ' என்ற இடத்தில் முதலில் எந்த முகவரிக்கு வந்தது என்பதும், 'டூ' என்ற இடத்தில் கடைசியில் யாருக்குப் போனது என்பதும் தெரியும்.

சர்வர் எந்த வரிசையில் தேடும்?

ஒரு மெயில் வந்ததும், போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் முழு முகவரியும் அட்டவணையில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதோடு முடிந்தது. இல்லாவிட்டால், @-க்கு முன்னால் உள்ள பெயர் மட்டும் தனியாக இருக்கிறதா என்று பார்க்கும். ஆனால் இது சர்வர் தன் சொந்தப் பெயராகக் கருதும் டொமைன்களுக்கு மட்டும்தான். அதுவும் இல்லாவிட்டால், பெயரே இல்லாமல் @ குறியும் டொமைனும் மட்டும் உள்ள வரியைத் தேடும்.

எதுவுமே இல்லையென்றால்? 'இப்படி ஒரு ஆள் இந்த அட்டவணையில் இல்லை' என்று சர்வர் மெயிலை வாங்க மறுத்துவிடும். அனுப்பியவருக்கு உடனே தெரிந்துவிடும். முகவரியைத் தப்பாக டைப் செய்த வாடிக்கையாளர் சரிபார்த்து மறுபடியும் அனுப்புவார். பார்க்க கறாராகத் தெரிந்தாலும் இது நல்ல விஷயம்தான்.

'கேட்ச் ஆல்' வைக்கலாமா?

மேலே சொன்ன கடைசி வரிக்குப் பெயர்தான் 'கேட்ச் ஆல்'. அந்த டொமைனில் என்ன பெயர் போட்டு அனுப்பினாலும் ஒரே இன்பாக்ஸுக்கு வந்துவிடும். 'ஒரு மெயிலும் தவறக்கூடாது' என்று நினைப்பவர்களுக்கு இது ஆசையாகத்தான் இருக்கும்.

ஆனால், ஸ்பேம் அனுப்புபவர்கள் ஒரு டொமைனைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்த பெயர்களை எல்லாம் போட்டு அனுப்பிப் பார்ப்பார்கள். கேட்ச் ஆல் இருந்தால் அத்தனையும் உள்ளே வரும். குப்பைக்கு நடுவில் நல்ல மெயிலைத் தேட வேண்டியதாகிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த டொமைனில் ஏற்கெனவே சிலருக்குத் தனி இன்பாக்ஸ் இருந்தால், கேட்ச் ஆல் வரி அவர்களின் மெயிலையும் இழுத்துக்கொள்ளும். தடுக்க வேண்டுமென்றால், அட்டவணையில் இடதுபக்கமும் வலதுபக்கமும் அவர்களின் அதே முகவரியை எழுதி வைக்க வேண்டும்.

சொந்த சர்வர் இல்லையா? இதோ வழி!

சி-பேனல்: வாடகைக்கு ஹோஸ்டிங் எடுத்திருப்பவர்கள் 'ஃபார்வர்டர்ஸ்' பக்கத்துக்குப் போனால் போதும். முகவரியை எழுதும்போதே பக்கத்தில் எந்த டொமைன் என்று தேர்வு செய்யும் பட்டியல் இருக்கும். அதைக் கவனிக்காமல் முதலில் இருக்கும் டொமைனிலேயே எல்லாவற்றையும் உருவாக்கிவிடக் கூடாது. 'டிஃபால்ட் அட்ரஸ்' என்று இருப்பதுதான் கேட்ச் ஆல்.

கூகுள் வொர்க்ஸ்பேஸ்: ஒரு கணக்குக்கு 30 அலியாஸ் வரை கூடுதல் கட்டணம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது டொமைனைச் சேர்க்கும்போதுதான் உஷாராக இருக்க வேண்டும். 'டொமைன் அலியாஸ்' என்று சேர்த்தால், முதல் டொமைனில் இருக்கும் எல்லோருக்கும் இரண்டாவது டொமைனிலும் அதே பெயரில் முகவரி தானாக வந்துவிடும். அதாவது இரண்டு இன்ஃபோவும் ஒரே ஆளுக்கு! இரண்டும் வேறு வேறு தொழில் என்றால், 'செகண்டரி டொமைன்' என்பதைத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

கிளவுட்ஃபிளேர்: டொமைனின் டிஎன்எஸ் கிளவுட்ஃபிளேரில் இருந்தால், 'இமெயில் ரூட்டிங்' வசதியை இலவசமாகப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு டொமைனுக்கும் தனித்தனி விதிகள். மெயில் போய்ச் சேர வேண்டிய முகவரியின் உரிமையாளர் முதலில் ஒப்புதல் தர வேண்டும். இதில் இன்பாக்ஸ் கிடையாது, இருக்கும் இன்பாக்ஸுக்குத் திருப்பிவிடும் வேலை மட்டும்தான்.

ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டால் ஸ்பேமுக்குப் போகிறதே, ஏன்?

அலியாஸின் வலதுபக்கத்தில் சொந்த ஜிமெயில் முகவரியைப் போடுபவர்கள் நிறைய பேர். அங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது.

ஒவ்வொரு டொமைனும் 'என் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்குத்தான் அனுமதி' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதுதான் எஸ்பிஎஃப். வங்கி ஒன்று உங்கள் கடைக்கு மெயில் அனுப்புகிறது. உங்கள் சர்வர் அதை ஜிமெயிலுக்குத் திருப்பிவிடுகிறது. ஜிமெயில் என்ன பார்க்கும்? வங்கியின் பெயரில் வந்த மெயில், ஆனால் கொண்டுவந்தது வங்கியின் பட்டியலில் இல்லாத ஒரு சர்வர். சந்தேகப்படத்தானே செய்யும்?

இதற்கு 'எஸ்ஆர்எஸ்' என்று ஒரு தீர்வு இருக்கிறது. தபால் உறையின் மேல் அனுப்புநர் முகவரியை மாற்றி எழுதுவது போல, திருப்பி அனுப்பும்போது உறை மட்டத்தில் உங்கள் சர்வரின் டொமைன் பெயர் இடப்படும். மெயிலின் டிஜிட்டல் கையொப்பமான டிகிம், உள்ளடக்கத்தை மாற்றாதவரை செல்லுபடியாகும். ஆகவே திருப்பி அனுப்பும் மெயிலின் அடியில் விளம்பரமோ, சப்ஜெக்ட்டில் கூடுதல் சொற்களோ சேர்க்காமல் இருப்பது நல்லது.

பதில் எந்தப் பெயரில் போகும்?

அலியாஸ் என்பது மெயிலை வாங்கித் தருவதற்கான ஏற்பாடு மட்டும்தான். இன்ஃபோவுக்கு வந்த மெயிலுக்கு நீங்கள் ஜிமெயிலில் இருந்து 'ரிப்ளை' தட்டினால், உங்கள் சொந்த முகவரியில் இருந்துதான் பதில் போகும். வாடிக்கையாளர் அடுத்த முறை நேராக அந்தச் சொந்த முகவரிக்கே எழுதுவார். அப்புறம் அலியாஸ் வைத்து என்ன பிரயோஜனம்?

ஜிமெயில் செட்டிங்கில் 'சென்ட் மெயில் ஆஸ்' என்ற பகுதியில் அந்த முகவரியையும், அதற்கான எஸ்எம்டிபி சர்வர் விவரத்தையும் சேர்த்துவிட்டால், பதிலும் கடையின் பெயரிலேயே போகும். இரண்டு தொழில் நடத்துபவர்கள், மெயில் வந்த முகவரியில் இருந்தே பதில் அனுப்பும் ஆப்ஷனையும் தேர்வு செய்வது அவசியம். இல்லாவிட்டால் லாட்ஜ் பெயரில் புடவை விலை போகும்!

ஒரு அலியாஸால் மைக்ரோசாஃப்டுக்கு வந்த தலைவலி

'ஒரு வரிதானே, இதில் என்ன பெரிய ஆபத்து?' என்று கேட்பவர்களுக்காக, நிஜத்தில் நடந்த ஒரு சம்பவம்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு பின்லாந்து நாட்டுக்கென்று 'லைவ்.எஃப்ஐ' என்ற டொமைன் இருந்தது. பொதுமக்களும் அந்த டொமைனில் மெயில் முகவரி வைத்துக்கொள்ளலாம். அந்த நாட்டைச் சேர்ந்த ஒருவர், 'ஹோஸ்ட்மாஸ்டர்' என்ற பெயரில் அலியாஸ் கிடைக்குமா என்று முயன்று பார்த்தார். கிடைத்துவிட்டது.

வெப்சைட்டுக்குப் பூட்டு அடையாளம் தரும் எஸ்எஸ்எல் சான்றிதழ் வாங்க, 'இந்த டொமைன் உங்களுடையதுதானா?' என்று நிரூபிக்க வேண்டும். அதற்கான வழிகளில் ஒன்று, அந்த டொமைனில் குறிப்பிட்ட ஐந்து பெயர்களில் ஒன்றுக்கு மெயில் அனுப்பிச் சரிபார்ப்பது. அட்மின், அட்மினிஸ்ட்ரேட்டர், வெப்மாஸ்டர், ஹோஸ்ட்மாஸ்டர், போஸ்ட்மாஸ்டர் ஆகியவையே அந்த ஐந்து பெயர்கள். அந்த நபர் கொமோடோ என்ற சான்றிதழ் நிறுவனத்திடம் விண்ணப்பிக்க, சரிபார்ப்பு மெயில் அவருக்கே வந்தது. மைக்ரோசாஃப்டின் டொமைனுக்கான சான்றிதழ் ஒரு தனிநபர் கைக்குப் போனது!

அவர் அதைத் தவறாகப் பயன்படுத்தாமல் விவரத்தைத் தெரிவித்தார். 2015 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. சான்றிதழும் ரத்து செய்யப்பட்டது. கெட்ட எண்ணம் உள்ள ஒருவர் கையில் அது கிடைத்திருந்தால், அசல் போலவே தோன்றும் போலி வெப்சைட் நடத்தியிருக்க முடியும்.

மற்றவர்களுக்கு ஓசியில் கொடுக்கக்கூடாத பெயர்கள் எவை?

மேலே சொன்ன ஐந்து பெயர்களும் ஒவ்வொரு டொமைனிலும் உரிமையாளரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இதில் போஸ்ட்மாஸ்டர் கட்டாயம். மெயில் வாங்கும் எந்த டொமைனும் போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கு வரும் மெயிலை ஏற்க வேண்டும் என்பது இணைய மெயிலின் அடிப்படை விதி. முறைகேடு பற்றிப் புகார் செய்ய 'அப்யூஸ்' என்ற முகவரியும் வழக்கத்தில் இருக்கிறது. இன்ஃபோ, சேல்ஸ், சப்போர்ட் போன்ற பொதுப் பெயர்களின் பட்டியல் 1997-லேயே ஆர்எஃப்சி 2142 என்ற ஆவணமாக வெளியானது.

கவனிக்க: டொமைன் வாரியாகப் பிரித்தபிறகு, இந்த முகவரிகளையும் ஒவ்வொரு டொமைனுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒன்றில் எழுதினால் மற்றொன்றுக்கு வராது.

வேலையை விட்டுப் போனவருக்கு இன்னமும் மெயில் போகிறதா?

அலியாஸுக்குப் பாஸ்வேர்டு இல்லை என்று பார்த்தோம். அதுவே இங்கே வினையாகிறது. ஊழியர் வேலையை விட்டதும் அவரின் லாகினை முடக்கிவிடுவார்கள். ஆனால் 'அக்கவுண்ட்ஸ்' முகவரிக்கு வரும் மெயில் அவரின் சொந்த ஜிமெயிலுக்குப் போகும்படி என்றோ எழுதிய ஒரு வரி அப்படியே இருக்கும். விலைப்பட்டியல், பேங்க் ஸ்டேட்மென்ட், பாஸ்வேர்டு ரீசெட் லிங்க் எல்லாம் அவருக்குத் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும்.

வெப்சைட், ஃபேஸ்புக் பக்கம், பேமென்ட் கேட்வே என ஒரு கடையின் பெரும்பாலான ஆன்லைன் கணக்குகளுக்கு 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' பட்டனின் பதில் வருவது மெயிலுக்குத்தான். அந்த மெயில் யாருக்குப் போகிறதோ, அவர்தான் அந்தக் கணக்குகளின் உண்மையான சாவியை வைத்திருப்பவர்.

டொமைன் புதுப்பிப்பும் இதே கதைதான். பழைய டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டு, வேறு யாராவது வாங்கிவிட்டால், அவர் கேட்ச் ஆல் வைத்து அந்த டொமைனின் எல்லா முகவரிகளுக்கும் வரும் மெயிலைப் படிக்க முடியும். டொமைனைக் கைவிடும் முன், அதில் பதிவான எல்லா கணக்குகளிலும் மெயில் முகவரியை மாற்றிவிட வேண்டும்.

இன்றே செக் செய்ய வேண்டியவை

• உங்கள் சர்வரில் எத்தனை டொமைன், ஒவ்வொன்றிலும் என்னென்ன அலியாஸ் என்று ஒரே தாளில் எழுதுங்கள்.

• ஒரே பெயர் இரண்டு டொமைனில் இருந்தால், இரண்டுக்கும் வெளியில் இருந்து டெஸ்ட் மெயில் அனுப்பி, யாருக்கு வருகிறது என்று பாருங்கள்.

• வலதுபக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு முகவரியும் இன்றைக்கு யார் கையில் இருக்கிறது என்று சரிபாருங்கள். வேலையில் இல்லாதவர்களின் முகவரியை நீக்குங்கள்.

• கேட்ச் ஆல் தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

• அட்மின், அட்மினிஸ்ட்ரேட்டர், வெப்மாஸ்டர், ஹோஸ்ட்மாஸ்டர், போஸ்ட்மாஸ்டர் ஆகிய ஐந்தும் உரிமையாளருக்கு வருகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

• சர்வரை வெளி ஆள் பார்த்துக்கொண்டால், அலியாஸ் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், அது உங்கள் கடையின் தபால் பெட்டி.